வலிக்காத கால்

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மவர்களில் பெரும்பாலோர் வேட்டி கட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அது அங்கே இல்லை. தொடை வந்து உடம்போடு சேரும் மடிப்புக்குள், நல்ல ஆழத்தில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் சிலருக்கு முழங்காலில்தான் வலிக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் ஜோகூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலைக்காலத்தில் பாதி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. மீதி, அதே நோயாளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கிளினிக்கில் போனது.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் தியேட்டருக்கு இயந்திரக் கை ஒன்று வரப்போவதாகப் பேச்சு. கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் அது எலும்பை முடியளவும் பிசகாமல் செதுக்குமாம். பிரிவுபசார விருந்தில் இளம் தாதிகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம், மறக்கவே முடியாத ஆபரேஷன் எது சிஸ்டர் என்று கேட்டாள். மீ கோரெங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பிறந்தது குளுவாங்கில். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தாதியர் கல்லூரிக்குப் போனேன். அதன்பின் பிள்ளைகள் வார்டு, கொஞ்ச காலம் தீக்காய வார்டு. ஒரு மூத்த சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, நீ உயரமாக இருக்கிறாய், நெடுநேரம் நிற்பாய் போலிருக்கிறது என்று சொல்லி எலும்புப் பிரிவின் தியேட்டருக்கு மாற்றினார். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கேதான் டாக்டர் ரோஹானாவைப் பார்த்தேன். எலும்பு டாக்டர் என்றால் சுத்தியலும் ரம்பமும் பிடிக்கிற, மல்யுத்தக்காரர் போன்ற ஆண் ஒருவர் மனத்தில் வருவார். இவர் என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். தியேட்டரில் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாராவது பதற்றப்பட்டால் 'பெலான் பெலான்' என்பார். மலாயில், மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டுத் தன் கையையும் ஒரு கணம் நிறுத்திக்கொள்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலி போன பிறகு இந்தக் காலை வைத்து நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். நடக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் விட மாட்டார். எங்கே நடக்க வேண்டும், எதில் ஏற வேண்டும், எதன் மேல் உட்கார வேண்டும் என்று துருவுவார். ஒருவர் லாரியில் ஏற வேண்டும் என்பார். ஒருவர் ரப்பர் மரத்துக்கு மரம் போக வேண்டும் என்பார். ஒரு சீனப் பாட்டி, பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டும் என்றார். அந்தப் பதிலை மறுநாள் தியேட்டர் வெள்ளைப் பலகையில், ரத்த வகைக்கும் ஒவ்வாத மருந்துக்கும் கீழே, எங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைப்பார்.

செயற்கை மூட்டு என்பது பெரிய மர்மம் இல்லை. தொடை எலும்பின் உச்சியில் ஒரு குண்டு இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. குண்டும் கிண்ணமும் தேய்ந்துபோனால் இரண்டையும் எடுத்துவிட்டு வேறு வைக்கிறோம். நான் தியேட்டருக்குப் போன காலத்தில் சின்ன உலோகக் குண்டும், அதற்குப் பிளாஸ்டிக் கிண்ணமும்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். நடக்க, படியேற, நாற்காலியில் உட்கார அது போதும். ஆனால் குண்டு சின்னதாக இருப்பதால், காலை ரொம்ப மடக்கினால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். நாற்காலியில் வாழ்கிறவர்களுக்காகச் செய்யப்பட்ட மூட்டு அது. நாம் தரையில் வாழ்கிறவர்கள்.

லாயாங் லாயாங்கிலிருந்து முனியம்மா என்று ஒருவர் வந்திருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். குந்தி உட்காரக் கூடாது என்று படம் போட்டுக் காட்டித்தான் அனுப்பினோம். ஒருநாள் குழாயடியில் மீன் கழுவக் குந்தியிருக்கிறார், மூட்டு கழன்றுவிட்டது. மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளினோம். மறுபடியும் கழன்றது. அதற்குப் பிறகு அவர் உட்காரவே பயந்தார். கிளினிக்கில் அத்தனை நாற்காலி இருக்க, சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருப்பார். டாக்டர் ரோஹானா அவரைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் மதியச் சாப்பாடு சாப்பிட மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய குண்டு வந்தது. உலோகக் குண்டு, அதற்கு உலோகக் கிண்ணம், நடுவில் பிளாஸ்டிக்கே இல்லை. குண்டு நம் சொந்த எலும்பின் அளவுக்கு இருக்கும். அவ்வளவு பெரியது கிண்ணத்தைத் தாண்டி வெளியே வருவது சுலபமல்ல. உலோகம் என்பதால் தேயாது, வயது குறைந்தவர்களுக்கும் ஆயுசுக்கும் தாங்கும் என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக, கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த கட்டுரைகளை எல்லாம் டாக்டர் ரோஹானா படித்துப் பார்த்தார். அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்.

காதர் பாய் எங்களிடம் வந்தது அப்போதுதான். மூவாரில் ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவருடைய வாப்பா தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்து தொடங்கிய கடை. முதலாளி ஆன பிறகும் காலையில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் அவர்தான் நிற்பார். அவர் வீசும் ரொட்டிக்கென்றே ஆள் வருவார்கள். ஆஸ்துமாவுக்காக நெடுங்காலம் விழுங்கிய மாத்திரையால் இடது தொடை எலும்பின் குண்டுக்கு ரத்த ஓட்டம் நின்று, அது உள்ளேயே செத்துப்போயிருந்தது. அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்காது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

டாக்டர் ரோஹானா வழக்கமான கேள்வியைக் கேட்டார். மீண்டும் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பார் என்று நினைத்தேன். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்பார்கள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நின்னு வேலை பாக்குறது எப்படியாச்சும் பாத்துக்குவேன் மிஸ்ஸி. சுஜூது செய்யணும். நெத்தி தரையில படணும். ரெண்டு வருஷமாச்சு."

சுஜூது என்பது தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது. டாக்டரும் தொழுகிறவர்தான், அந்தச் சொல்லுக்கு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பலகையில் அந்த ஒரே சொல்லை எழுதினார்.

ஆபரேஷன் அன்று நான்தான் கருவிகள் எடுத்துக் கொடுத்தேன். வெளியே எடுத்த குண்டின் மேல் தோல், உடைந்த முட்டை ஓடு மாதிரி தனியாக அசைந்தது. கிண்ணத்தைச் சுத்தம் செய்யும் கருவி நம் தேங்காய்த் துருவியைப் போலவே இருக்கும். சின்ன அளவில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். எலும்பில் ரத்தம் பூத்தாற்போல் கசியும் இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். அப்புறம் உலோகக் கிண்ணத்தை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் பேசக் கூடாது என்பது டாக்டர் ரோஹானாவின் சட்டம். கிண்ணம் எலும்பில் நன்றாகப் பதியும்போது அடியின் சத்தம் மாறும். மொத்தையாகக் கேட்டது கணீரென்று கேட்கும். அந்தக் கணீருக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். கேட்டதும் சுத்தியலை என்னிடம் நீட்டிவிடுவார். அதற்கு மேல் ஓர் அடிகூட அடிக்க மாட்டார்.

மூட்டைச் சேர்த்துவிட்டுத் தைப்பதற்கு முன்னால் காலைப் பிடித்து மடக்கிச் சோதிப்பது எல்லா டாக்டர்களும் செய்வதுதான். அன்று அவர் அதோடு நிறுத்தவில்லை. தொழுகையில் மடங்குவதைப் போலவே காதர் பாயின் காலை, படிப்படியாக, குனிந்து, மண்டியிட்டு, நெற்றி வைத்து, பிறகு கால் மேல் உட்கார்ந்து எழுவது வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். குண்டு விளிம்பை விட்டு ஓர் இழைகூட எழும்பவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்ததைப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்துக் காதர் பாய் கிளினிக்குக்கு வந்தபோது கதவைச் சாத்தச் சொன்னார். தன் துண்டைத் தரையில் விரித்து, செய்து காட்டினார். எழுந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது. அவர் மனைவி பல்கீஸ் அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இறைச்சி அடைத்த முர்தாபாக் ரொட்டிப் பொட்டலங்களோடு வருவார். வலி இல்லை, கழலவில்லை, தரையில் உட்கார முடிகிறது. கேட்க வேண்டிய எல்லாக் கேள்விக்கும் அவரிடம் நல்ல பதில் இருந்தது. எங்கள் பிரிவில் மிகச் சிறந்த பலன் கிடைத்தவர் யாரென்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்லியிருப்போம்.

பிறகு வெளிநாட்டிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. உலோகமும் உலோகமும் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் உதிர்கிறது. அது மூட்டைச் சுற்றியுள்ள சதையைக் கொல்கிறது, ரத்தத்திலும் கலக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. தயாரித்த கம்பெனியே அந்த வகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது நான் தியேட்டரை விட்டுக் கிளினிக்குக்கு வந்துவிட்டேன். டாக்டர் ரோஹானா எங்களை உட்காரவைத்து, அந்த மூட்டு வைத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ரத்தம் சோதிக்க வேண்டும், நன்றாக இருக்கிறவர்களையும் கூப்பிட வேண்டும், நன்றாக இருக்கிறவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிட வேண்டும் என்றார். வலியைக் கேட்டோம், கழன்றதா என்று கேட்டோம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை நமக்கு என்றார். குரலில் மாற்றம் இல்லை. மேசை மேல் இருந்த கைகளை மட்டும் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருந்தார்.

காதர் பாய் வந்தார். ரத்தத்தில் உலோகம் அளவுக்கு மீறி இருந்தது. ஸ்கேனில் மூட்டைச் சுற்றி நீர்ப்பை ஒன்று தெரிந்தது. மூட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னோம். அவர் நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. வலிக்கிற கால் என்றால் வெட்டுங்கள், வலிக்காத காலை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த தேதிக்கு வரவில்லை. போன் செய்தால் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுவார். அப்புறம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நாமே போவோம் என்றார் டாக்டர் ரோஹானா. ஒரு டாக்டர் நோயாளியின் கடைக்குப் போவது வழக்கத்தில் இல்லை. விடுமுறை நாள் ஒன்றில் அவருடைய காரிலேயே மூவாருக்குப் போனோம். காதர் பாய் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு மேசையைத் துடைக்கச் சொல்லி, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு அனுப்பினார். கூட்டம் குறையும் வரை உட்கார்ந்திருந்தோம். டாக்டர் அவரைக் கூப்பிடவும் இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை.

கடைசியில் அவரே கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். டாக்டர் ரோஹானா மலாயில் பேசினார். இந்த மூட்டைத் தேர்ந்தெடுத்தது நான், உங்களுக்கு நல்லது என்று நம்பித்தான் வைத்தேன், இப்போது அது நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது, அதை உங்கள் இடத்துக்கே வந்து சொல்ல வேண்டியது என் கடமை என்றார். கம்பெனியைக் குறை சொல்லவில்லை, விஞ்ஞானம் மாறுகிறது என்று மழுப்பவும் இல்லை. காதர் பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாற்றிய பிறகு சுஜூது செய்ய முடியுமா. தெரியாது, ஒருவேளை நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர்.

காதர் பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"நீங்க குடுத்ததுதான் மிஸ்ஸி அது. இப்ப நீங்களே எடுக்க வந்திருக்கீங்க."

டாக்டர் என்ன என்று கேட்டார், அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு காதர் பாயிடம், இடது காலில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார். இது என்ன பிரமாதம் என்பது போல் அவர் எழுந்து வலது காலைத் தூக்கினார். தூக்கியதும் அவருடைய வலப் பக்க இடுப்பு சரிந்து கீழே இறங்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, மேசையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பை நேராகத் தாங்கிப் பிடிக்கும் சதை இடது பக்கத்தில் பலமிழந்துகொண்டிருந்தது. அவருக்கு அது வலிக்கவே இல்லை.

கல்லாவில் இருந்த பல்கீஸ் அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாளாவே இவங்க நடை ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றார். "சொன்னா வருத்தப்படுவாங்கன்னு நான் சொல்லல."

அப்போதும் காதர் பாய் சம்மதிக்கவில்லை. யோசிக்கிறேன் என்றார். திரும்பும் வழியில் வண்டி ஓட்டியபடி டாக்டர் ரோஹானா, கால் அவருடையது, முடிவும் அவருடையதுதான், ஆனால் நாம் கேட்பதை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். அதனால் நான் மாதாமாதம் போன் செய்தேன். பல்கீஸ் அக்காதான் எடுப்பார். எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். தொழுகிறார் என்பார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. ஒருநாள் பல்கீஸ் அக்காவே கூப்பிட்டார். காதர் பாய் கடை வாசற்படியில் ஏறும்போது கால் ஏறாமல் விழுந்துவிட்டார் என்றும், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, டாக்டரம்மாவைக் கூப்பிடு என்று சொன்னார் என்றும் சொன்னார்.

அந்த ஆபரேஷனுக்கு மட்டும் என்னைத் தியேட்டருக்கு வரச் சொன்னார் டாக்டர் ரோஹானா. கை பழக்கம் விட்டுப்போயிருக்குமே என்று தயங்கினேன். காதர் பாய்க்குத் தெரிந்த முகம் ஒன்று மயக்கம் போடும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் உனக்கு மறந்திருக்காது என்றார். காதர் பாய் மேசையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு ஓதினார். ஊசி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பலகையில் முன்பு எழுதிய அதே சொல் இருந்தது.

திறந்ததும் சாம்பல் நிற நீர் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. எலும்பைச் சுற்றி நின்று தாங்க வேண்டிய சதை, சிவப்பாக இருக்க வேண்டியது, வெளுத்து ஊறிய காகிதம் போல் கத்தி பட்ட இடத்தில் பிரிந்தது. மயக்க மருந்து டாக்டர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் ரோஹானா செத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். உலோகக் கிண்ணம் எலும்போடு நன்றாக ஒட்டி வளர்ந்திருந்தது. பதித்தபோது எவ்வளவு நன்றாகப் பதித்தாரோ, எடுக்க அவ்வளவு பாடு. வளைந்த உளியைக் கிண்ணத்தின் விளிம்பு முழுக்க அங்குலம் அங்குலமாக விட்டு, எலும்பு உடையாமல் கழற்ற வேண்டும். உதவிக்கு நின்ற இளம் டாக்டர் அவசரப்பட்டார். 'பெலான் பெலான்,' என்றார் டாக்டர் ரோஹானா. அதைத் தனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

புதிதாக வைத்தது வேறு வகை. சின்னக் குண்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் குண்டுக்குள் சுழலும், அந்தப் பிளாஸ்டிக் குண்டு கிண்ணத்துக்குள் சுழலும். இரண்டு சுழற்சி இருப்பதால் கழலுவது அரிது, உலோகமும் உலோகமும் உரசாது. முனியம்மாவுக்கு வேண்டியிருந்தது இதுதான், அது இவ்வளவு காலம் கழித்து எங்கள் கைக்கு வந்திருந்தது. சேர்த்து முடித்ததும் காலை மறுபடி மடக்கிப் பார்த்தார் டாக்டர் ரோஹானா. மூட்டு நின்றது. ஆனால் மண்டியிட்ட நிலையிலிருந்து எழும்போது தாங்குவதற்குச் சதை இல்லை. காலைக் கையில் ஏந்தியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தையல் ஊசி கேட்டார்.

மூன்றாம் நாள் டாக்டரே காதர் பாயிடம் போய்ச் சொன்னார். நான் கூட இருந்தேன். இனி ஊன்றுகோல் வேண்டும், தரையில் தொழ முடியாது, உயிருக்கும் காலுக்கும் ஆபத்து இல்லை. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடிவிட்டு வெளியே வந்தார்.

அதன்பின் காதர் பாய் டாக்டரிடம் பேசவில்லை. கிளினிக்குக்குத் தவறாமல் வருவார், கேட்டதற்குத் தலையசைப்பார், கோபமாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் பேசினார். பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் நாள், எல்லோரும் தரைக்குப் போனபோது தான் மட்டும் மேலே இருந்தது மானக்கேடாக இருந்தது என்றார். கடையில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாவு உருட்டுகிறாராம், வீசுவதற்குத் தம்பி மகன் இருக்கிறானாம். "அல்லா என் நெத்திய பாத்தா கூப்பிடுறான், மனச பாத்துத்தானேன்னு பல்கீஸ் சொல்றா மிஸ்ஸி. சரிதான். ஆனாலும் நெத்திக்கும் ஒரு ஆசை இருக்கே," என்றார்.

நான் எழுத வந்தது இதற்கு அப்புறம் நடந்தது.

குளுவாங் சந்தையில் காய்கறி விற்ற சாந்தா என்பவருக்கும் அதே உலோக மூட்டு இருந்தது. ரத்தச் சோதனையில் அளவு ஏறத் தொடங்கியிருந்தது, சதை இன்னும் கெடவில்லை. அவரும் மாற்ற மறுத்தார். அன்று கிளினிக்கில் டாக்டர் ரோஹானா எடுத்துச் சொல்லியும் கேட்காமல் வெளியே வந்து, நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் காதர் பாய் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

நான் மருந்துச் சீட்டோடு வந்தபோது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாந்தா கேட்டது காதில் விழுந்தது.

"உங்களுக்கு மாத்தினாங்களே பாய், நல்லாயிருச்சா?"

காதர் பாய் என்ன சொல்லியிருந்தாலும் நான் குறை நினைத்திருக்க மாட்டேன். அவர் ஊன்றுகோலைத் தூக்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. முழுசா நல்லாவல. ஆனா அது மாத்தினதால இல்ல. லேட்டா மாத்தினதால. அந்த டாக்டரம்மா என் கடைக்கே வந்து கேட்டாங்க. நான் முகத்த திருப்பிக்கிட்டேன். அன்னிக்கே வந்திருந்தா இந்தக் கோலு இருந்திருக்காதோ என்னமோ. எனக்கும் உங்கள மாதிரிதான், வலிக்கவே இல்ல."

சாந்தா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். காதர் பாய் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் நின்று காட்டினார். இடுப்பு சரிந்தது. இப்போது நீங்கள் நில்லுங்கள் தங்கச்சி என்றார். சாந்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். இடுப்பு நேராக இருந்தது. "பாத்தீங்களா," என்றார் காதர் பாய், "உங்களுக்கு இன்னும் பலம் இருக்குலா." அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த நடைவழியில், தன் ஊனத்தை அவர் அப்படி எடுத்துக் காட்டியதை நான் எதிர்பார்க்கவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றுவிட்டேன்.

அடுத்த மாதமே சாந்தாவுக்கு ஆபரேஷன் ஆனது. உள்ளே சாம்பல் நீர் கொஞ்சம்தான் இருந்தது. சதை சிவப்பாக, உயிரோடு இருந்தது என்று தியேட்டரிலிருந்து வந்து சொன்னார்கள்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் அவரை நடைவழியில் நடக்கவைத்துப் பார்த்தோம். அன்று காதர் பாய்க்குக் கிளினிக் தேதி இல்லை. ஆனாலும் மூவாரிலிருந்து வந்திருந்தார். சாந்தாவிடம் தேதி கேட்டுவைத்திருந்தாராம், மகன் காரில் கொண்டுவந்து விட்டானாம். சாந்தா முதலில் நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து நடந்தார். அப்புறம் அதை விட்டுவிட்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, மெதுவாக, சாயாமல் நடந்தார். நடைவழியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். காதர் பாய் ஊன்றுகோல் மேல் இரண்டு கையையும் வைத்து அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போதும் பார்த்தார், வரும்போதும் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் டாக்டர் ரோஹானா வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. திரும்பாமலேயே மலாயில் கேட்டார். அவர் டாக்டரிடம் அத்தனை மாதங்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. மூட்டை மாற்ற மாட்டேன் என்று இன்னும் மறுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றார் டாக்டர். ஆனால் யாரென்று சொல்ல முடியாது, நோயாளிகளின் பெயரை வெளியே கொடுக்கக் கூடாது என்றார். சொல்லும்போது அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் தடுமாறியது.

காதர் பாய் திரும்பி, மலாயிலேயே சொன்னார்.

"பேரு வேணாம் டாக்டர். நான் எந்தெந்த நாள் வந்து இங்க உக்காரணும், அத மட்டும் சொல்லுங்க."